பாஸ்போர்ட் ஆட்டோமேஷன் சிஸ்டமும் ஒரு சூளைக் கணக்கும்: நாலு பேர் ப்ராஜெக்ட்டில் யார் என்ன கத்துக்கிறாங்க?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் எடுத்திருக்கிறோம்.)

போன எபிசோட் வந்த பிறகு ஒரு மூணாம் வருஷ மாணவர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். சுருக்கமா சொன்னா விஷயம் இதுதான். "அண்ணா, எங்க பேட்ச்ல நாலு பேர். கோட் முழுக்க நான்தான் எழுதறேன். ஒருத்தன் பிபிடி. ஒருத்தி ரிப்போர்ட். இன்னொருத்தன் பிரிண்ட் எடுத்து பைண்டிங் போட்டுக்கிட்டு வருவான். நாலு பேருக்கும் ஒரே மார்க். இதுல டீம் வொர்க் எங்கண்ணா இருக்கு?"

இதுக்கு உடனே பதில் சொல்லிடலாம்னு மைக்கை எடுத்தேன். முடியல. ஏன்னா அந்தக் கேள்வியோட ரெண்டு பக்கத்துலயும் நான் இருந்திருக்கேன். எல்லா கோடையும் நானே எழுதி, மத்தவங்களைத் தொடவே விடாம வச்சிருந்த பேட்ச்லயும் இருந்திருக்கேன். ஒரு வரி கோட் எழுதாம மார்க் வாங்கின பேட்ச்லயும் இருந்திருக்கேன். அதனால இன்னைக்கு முழு எபிசோடும் இதைப் பத்திதான். ஒரு சாஃப்ட்வேரை எப்படிப் படிப்படியா உருவாக்கணும்ங்கிறதை, அதாவது டெவலப்மென்ட் ப்ராசஸை, மாணவர் குழு ப்ராஜெக்ட் மூலமா உண்மையிலேயே கத்துக்கொடுக்க முடியுமா?

லேப்ல எழுதின பாஸ்போர்ட்

அண்ணா பல்கலைக்கழகத்தோட இணைப்புக் கல்லூரிகள்ல கம்ப்யூட்டர் சயின்ஸோ ஐ.டி.யோ படிச்சவங்களுக்கு "பாஸ்போர்ட் ஆட்டோமேஷன் சிஸ்டம்" அப்படின்னு சொன்னாலே ஒரு சிரிப்பு வரும். ஆப்ஜெக்ட் ஓரியன்டட் அனாலிசிஸ் அண்ட் டிசைன் பாடத்துக்கான லேப்ல மினி ப்ராஜெக்ட்டுக்குன்னு ஒரு தலைப்புப் பட்டியல் இருக்கும். பாஸ்போர்ட் ஆட்டோமேஷன், புக் பேங்க், எக்ஸாம் ரிஜிஸ்ட்ரேஷன், ஸ்டாக் மெயின்டனன்ஸ், கிரெடிட் கார்டு ப்ராசஸிங், ஃபாரின் ட்ரேடிங், பி.பி.ஓ. மேனேஜ்மென்ட். அண்ணன் படிச்சப்பவும் அதே, தம்பி படிச்சப்பவும் அதே.

இங்க ஒரு விஷயத்தை நியாயமா சொல்லணும். அந்த சிலபஸை எழுதினவங்க ஒண்ணும் தப்பா யோசிக்கல. வரிசையைப் பாருங்க. முதல்ல ப்ராப்ளம் ஸ்டேட்மென்ட் எழுதணும். அப்புறம் யூஸ் கேஸ், கிளாஸ் டயக்ராம், சீக்வன்ஸ் டயக்ராம். அதுக்கப்புறம் லேயர் லேயரா கோட் எழுதி ஓட வைக்கணும். இது ஒரு முழு ப்ராசஸ். தேவையைக் கேட்டு, யோசிச்சு, வரைஞ்சு, கட்டி முடிக்கிற வரைக்கும் எல்லாம் அதுல இருக்கு.

ஆனா நாங்க செஞ்சது என்ன? சீனியரோட ரெக்கார்ட் நோட்டை வாங்கினோம். படத்தை அப்படியே வரைஞ்சோம். அதுல "அப்ளிகன்ட்"ன்னு ஒரு குச்சி மனுஷன், "போலீஸ்"னு ஒரு குச்சி மனுஷன், "ரீஜனல் அட்மினிஸ்ட்ரேட்டர்"னு ஒரு குச்சி மனுஷன். அந்த மூணு பேர்ல ஒருத்தர்கிட்டயும் நாங்க பேசினதில்ல. இத்தனைக்கும் 2010-லேயே டி.சி.எஸ். நடத்துற பாஸ்போர்ட் சேவா திட்டம் தொடங்கிடுச்சு. வீட்ல யாராவது அந்த கேந்திரத்துக்குப் போய் வரிசையில நின்னு ஒவ்வொரு கவுன்ட்டரா தாண்டி வந்திருப்பாங்க. அவங்கள உட்கார வச்சு, "என்னென்ன பேப்பர் கேட்டாங்க, எங்க திருப்பி அனுப்பினாங்க?"ன்னு கேட்டிருந்தாலே நிஜமான யூஸ் கேஸ் கிடைச்சிருக்கும். கேக்கணும்னு தோணவே இல்ல. ஏன்னா ரெக்கார்டுல கையெழுத்து வாங்க அது தேவைப்படல.

ஃபைனல் இயர்ல இன்னும் மோசம். எங்க பேட்ச் ஒரு ப்ராஜெக்ட் சென்டர்ல காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்கிச்சு. சோர்ஸ் கோட், ரிப்போர்ட், பிபிடி, வைவாவுக்கு என்ன கேள்வி வரும், என்ன பதில் சொல்லணும்ங்கிற வரைக்கும் ஒரே பேக்கேஜ். ஜீரோத் ரிவ்யூ, ஃபர்ஸ்ட் ரிவ்யூ, செகண்ட் ரிவ்யூன்னு மூணு தடவை எங்களைக் கூப்பிட்டாங்க. மூணு தடவையும் ஸ்லைடுதான் காட்டினோம். "ஓட்டிக் காட்டுப்பா"ன்னு யாரும் கேக்கல. இதைப் பெருமைக்குச் சொல்லல. வேலைக்குச் சேர்ந்த முதல் மாசத்துல, "உன்னோட மாற்றத்தை ரிவ்யூவுக்கு அனுப்பு"ன்னு சொன்னப்ப எனக்கு என்ன செய்யணும்னே தெரியல. நாலு வருஷ டிகிரியில ப்ராசஸ் மாடல் பத்தி பதினாறு மார்க் கேள்விக்கு எத்தனையோ தடவை பதில் எழுதியிருக்கேன். அடுத்தவங்க எழுதின கோட் ஒரு ஃபைலைக்கூட உட்கார்ந்து படிச்சதில்ல.

நாம மனப்பாடம் பண்ணின படம்

அந்தப் பதினாறு மார்க் பதில்ல முதல்ல வர்றது வாட்டர்ஃபால் மாடல். இதோட கதை நமக்கு ரொம்பப் பொருந்தும்.

"சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்"ங்கிற பேர் பெருசா பேசப்பட ஆரம்பிச்சது 1968-ல. ஜெர்மனியில கார்மிஷ்ங்கிற ஊர்ல நேட்டோ அமைப்பு நடத்தின மாநாடு அது. பெரிய பெரிய ப்ரோக்ராம்கள் நேரத்துக்கு முடியல, பட்ஜெட்டைத் தாண்டுது, முடிஞ்சாலும் சரியா ஓடலங்கிற கவலையிலதான் கூடினாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, 1970-ல, வின்ஸ்டன் ராய்ஸ்ங்கிறவர் ஒரு கட்டுரை எழுதினார். தேவை, அனாலிசிஸ், டிசைன், கோடிங், டெஸ்டிங், ஆபரேஷன்னு படிக்கட்டு மாதிரி இறங்கற அந்தப் படம் அதுலதான் இருக்கு.

வேடிக்கை என்னன்னா, ராய்ஸ் அந்தக் கட்டுரையில "வாட்டர்ஃபால்"ங்கிற வார்த்தையையே பயன்படுத்தல. அந்தப் படத்தைப் போட்டுட்டு, இதை இப்படியே செஞ்சா ஆபத்து, தோத்துப்போக வாய்ப்பு அதிகம்னு அவரே சொல்றார். டெஸ்டிங் கடைசியில வருது, அங்க தப்பு தெரிஞ்சா டிசைன் வரைக்கும் திரும்பிப் போகணும்ங்கிறதுதான் அவர் சொல்ற காரணம். அதுக்கப்புறம் மீதிக் கட்டுரை முழுக்க அதை எப்படி சரிபண்றதுன்னு எழுதறார். அதுல ரெண்டு யோசனை முக்கியம். ஒண்ணு, புது மாதிரி சிஸ்டம்னா ரெண்டு தடவை கட்டுங்க, முதல்ல சின்னதா ஒரு ஒத்திகை, அப்புறம் நிஜம். இன்னொண்ணு, வாடிக்கையாளரைக் கடைசி வரைக்கும் வெளிய நிறுத்தி வைக்காதீங்க, நடுநடுவே உள்ள கூட்டிட்டு வாங்க.

நாம என்ன பண்ணினோம்? முதல் படத்தை மட்டும் எடுத்துக்கிட்டோம். அதுக்கு நன்மை அஞ்சு, தீமை அஞ்சுன்னு மனப்பாடம் பண்ணி எழுதினோம். காரணம் எளிமையானது. படத்தை எழுதி மார்க் வாங்கலாம். "ரெண்டு தடவை கட்டு"ங்கிறதைக் கட்டிப் பார்த்தாத்தான் கத்துக்க முடியும்.

ஹம்ஃப்ரி கொடுத்த அஞ்சு வேலை

கட்டிப் பார்க்க வச்சே கத்துக்கொடுக்கணும்னு உட்கார்ந்து யோசிச்சவங்க இருக்காங்க. அதுல ஒருத்தர் வாட்ஸ் ஹம்ஃப்ரி. ஐ.பி.எம்.ல 27 வருஷம் வேலை பார்த்துட்டு, 1986-ல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல இருக்குற சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தவர். மாணவர்களுக்காக டீம் சாஃப்ட்வேர் ப்ராசஸ்னு ஒரு முறையை வகுத்து, அதுக்கு ஒரு பாடப்புத்தகமும் எழுதினார். அந்தக் காலத்து ஃபார்ம் நிரப்புற வேலை அதுல ஜாஸ்தி. ஆனா அடிப்படை யோசனைகள் இன்னைக்கும் நிக்குது.

முதல் யோசனை: குழுவுல ஆளுக்கு ஒரு பொறுப்பு. டீம் லீடர், டெவலப்மென்ட் மேனேஜர், பிளானிங் மேனேஜர், குவாலிட்டி மற்றும் ப்ராசஸ் மேனேஜர், சப்போர்ட் மேனேஜர்னு அஞ்சு. பிளானிங் பார்க்கறவர் "இந்த வேலைக்கு எத்தனை மணி நேரம்னு சொன்னோம், நிஜமா எத்தனை ஆச்சு"ன்னு கணக்கு வச்சுக்கணும். குவாலிட்டி பார்க்கறவர் எந்தத் தப்பு எந்தக் கட்டத்துல நுழைஞ்சது, எந்தக் கட்டத்துல பிடிபட்டதுன்னு எழுதணும். சப்போர்ட் பார்க்கறவர் கோடோட எந்த வெர்ஷன் எங்க இருக்குன்னு பொறுப்பேத்துக்கணும். இதோட எல்லாரும் டிசைன்லயும் கோடிங்லயும் பங்கெடுக்கணும். பைண்டிங் போடறவர்னு ஒரு பதவி இதுல கிடையாது.

ரெண்டாவது யோசனை: ஒரே செமஸ்டர்ல ஒரே சாஃப்ட்வேரை மூணு சுற்றா கட்டுறது. முதல் சுற்றுல ரொம்பச் சின்னதா, ஆனா ஓடுற மாதிரி ஒண்ணு. அதுல பட்ட அடியை உட்கார்ந்து பேசி, ரெண்டாவது சுற்று. அப்புறம் மூணாவது. ராய்ஸ் சொன்ன "ரெண்டு தடவை கட்டு"ங்கிறதுக்கு இது பக்கத்துல வருது. 2001-ல அமெரிக்காவுல யூட்டாவுல 17 பேர் கூடி எழுதின அஜைல் அறிக்கைக்குப் பிறகு, இதே மாதிரி சின்னச் சின்னச் சுற்று, "ஸ்பிரின்ட்"ங்கிற பேர்ல நிறைய கம்பெனிகள்ல வழக்கமாயிடுச்சு.

மூணு சுற்று ஏன் முக்கியம்? ஒரே ஒரு சுற்றுன்னா மாணவர் தன்னோட தப்பைக் கண்டுபிடிக்கிற நாளும் செமஸ்டர் முடியற நாளும் ஒண்ணு. தப்பு தெரியும், திருத்திப் பார்க்க நேரம் இருக்காது. கத்துக்கிறது நடக்கறது திருத்துற அந்த இடத்துலதான்.

சூளைக் கணக்கு

எங்க ஊர் விருத்தாசலம். வெளியூர்ல சொன்னா ஜங்ஷனைச் சொல்வாங்க, இல்லன்னா முந்திரியைச் சொல்வாங்க. செராமிக் எங்களோட இன்னொரு அடையாளம். செராமிக் தொழிற்பேட்டையில சின்னச் சின்ன யூனிட்கள்ல பொம்மை, கப், ஃப்யூஸ் கேரியர்னு செய்றாங்க. செராமிக்குக்குன்னே அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியும் இங்க இருக்கு.

ஊருக்கு வர்ற வாரக் கடைசிகள்ல நாலு மாணவர்களுக்கு ப்ராஜெக்ட்டுல உதவி பண்ண ஒத்துக்கிட்டேன். ஹம்ஃப்ரி சொன்ன மாதிரி மூணு சுற்று, சுற்றுக்கு மூணு வாரம். நாலு பேர்ல மூணு பசங்ககிட்ட லேப்டாப் இருந்துச்சு. நாலாவது பொண்ணுகிட்ட ஃபோன் மட்டும்தான். பேர் எதுவும் சொல்லப்போறதில்ல.

தெரிஞ்ச ஒருத்தரோட பொம்மை யூனிட்டுக்குப் போனோம். பசங்க கையில 22 பக்க எஸ்.ஆர்.எஸ். இருந்துச்சு. "செராமிக் இன்வென்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்." அட்மின் லாகின், யூசர் லாகின், ப்ராடக்ட் மாட்யூல், ரிப்போர்ட் மாட்யூல். யூனிட்காரர் பொறுமையா புரட்டிப் பார்த்துட்டுக் கேட்டார்: "இதுல லாகின் பண்ணப்போறது யாரு தம்பி? இங்க நானும் வீட்டம்மாவும் ரெண்டு ஆளும்தான்." அப்புறம் சொன்னார்: "எனக்கு ஸ்டாக் கண்ணுக்கு முன்னாடியே அடுக்கி இருக்கு. எத்தனை ஊத்தினோம், சூளைக்கு எத்தனை போச்சு, நல்லதா எத்தனை வந்துச்சு. அதுதான் மாசக் கடைசியில குழம்புது."

22 பக்கம் அங்கேயே முடிஞ்சுபோச்சு. முதல் சுற்றுக்கு ஒரே ஒரு பக்கம், மூணு எண். அவ்வளவுதான் இலக்கு.

கோட் எழுத மூணு நாள் ஆச்சு. ஒண்ணு சேர்க்க ரெண்டு வாரம் ஆச்சு. வாட்ஸ்ஆப்ல ஜிப் ஃபைல் பறக்குது. "ஃபைனல்", "ஃபைனல் நியூ", "இதுதான் ஃபைனல்". ஒருத்தர் திருத்தினதை இன்னொருத்தர் அழிச்சுட்டார். இந்த அடி பட்ட பிறகுதான் கிட் சொல்லிக்கொடுத்தேன். லினக்ஸ் கர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல எழுதின கருவி அது. முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருந்தா இன்னொரு கமாண்ட் பட்டியலா மனப்பாடம் பண்ணியிருப்பாங்க. இப்ப அது எதுக்குன்னு அவங்களுக்கே தெரியும்.

ஒண்ணு சேர்த்த பிறகு இன்னொரு சிக்கல். செப்டம்பர் 5-ஆம் தேதி போட்ட கணக்கு மே 9-ல போய் உட்கார்ந்திருந்துச்சு. என்ட்ரி பக்கம் எழுதினவர் நாளை முன்னாடி வச்சார், ரிப்போர்ட் எழுதினவர் மாசத்தை முன்னாடி வச்சார். தனித்தனியா பார்த்தா ரெண்டும் சரி. மெல்வின் கான்வே 1968-லயே எழுதினார்: ஒரு அமைப்புல ஆட்கள் எப்படிப் பேசிக்கிறாங்களோ, அவங்க கட்டுற சிஸ்டமும் அதே வடிவத்துலதான் வரும். அந்த ரெண்டு பசங்களும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கல. அவங்க மாட்யூலும் பேசிக்கல.

ரெண்டாவது சுற்றுல அந்தப் பொண்ணு ஒரு வேலை பண்ணிச்சு. லேப்டாப் இல்லாததால ஒரு நாள் காலையில யூனிட்டுக்குப் போய் மதியம் வரைக்கும் நின்னு, எந்தப் பொம்மை எப்ப உடையுதுன்னு நோட்டுல கோடு போட்டுக்கிட்டு வந்துச்சு. களிமண் கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுல ஊத்தறாங்க. அச்சு தண்ணியை உறிஞ்சுது. பொம்மையை எடுத்துக் காய வைக்கிறாங்க. அப்புறம் சூளை. காயும்போது விரிசல் விட்டா அது இன்னும் பச்சைதான், திருப்பித் தண்ணியில போட்டுக் கரைச்சு மறுபடி ஊத்தலாம். சுட்ட பிறகு உடைஞ்சா அதை அப்படிக் கரைக்க முடியாது. மண்ணும் போச்சு, எரிச்ச செலவும் போச்சு.

எங்க ஆப் இந்த ரெண்டையும் "நஷ்டம்"னு ஒரே எண்ணா கூட்டிக் காட்டிக்கிட்டு இருந்துச்சு. யூனிட்காரருக்கு ரெண்டும் வேற வேற காசு.

பசங்களுக்குக் கோபம். "டேட்டாபேஸையே மாத்தணும் அண்ணா. அவர் முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" யூனிட்காரர்கிட்டயே கேட்டாங்க. அவர் சிரிச்சுக்கிட்டே, "நீங்க கேக்கலையே தம்பி"ன்னார். வகுப்புல "ரிக்வயர்மென்ட் மாறும்"னு படிக்கிறோம். பெரும்பாலும் மாறறது தேவை இல்ல, நம்ம புரிதல்தான்.

நான் போட்ட தப்பு மார்க்

ரெண்டாவது சுற்று முடிஞ்சதும் ஆளுக்கு எவ்வளவு பங்குன்னு ஒரு அட்டவணை போட்டேன். அவங்க கைடுகிட்ட கொடுக்கறதுக்காக. எதை வச்சுப் போட்டேன்? கமிட் எண்ணிக்கையை வச்சு. கண்ணுக்குத் தெரியற எண், சண்டை வராதுன்னு நினைச்சேன். ஒருத்தருக்கு 140, ஒருத்தருக்கு 85, ஒருத்தருக்கு 60, அந்தப் பொண்ணுக்கு 9. மார்க்கும் அதே வரிசையில.

அந்தப் பொண்ணு அட்டவணையைப் பார்த்துட்டு ஒரு கேள்வி கேட்டுச்சு. "அண்ணா, நான் போய் நிக்கலைன்னா அந்த நூத்தி நாற்பதும் தப்பான கணக்கைத்தானே காட்டியிருக்கும்?"

என்கிட்ட பதில் இல்ல. அட்டவணையைக் கிழிச்சுட்டு மறுபடி போட்டேன். இந்த தடவை நாலு பேரும் மத்த மூணு பேருக்கு நூறு பாயிண்ட்டைப் பிரிச்சுக் கொடுக்கணும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி காரணம் எழுதணும். 140 கமிட் போட்ட பையனே அந்தப் பொண்ணுக்குத்தான் அதிகம் கொடுத்தான். கடைசியில கல்லூரி மார்க் ஷீட்ல நாலு பேருக்கும் ஒரே எண்தான் வந்துச்சு. அது என் கையில இல்ல. ஆனா அந்தப் பொண்ணு ரெஸ்யூமேல "டாக்குமென்டேஷன்"னு போடாம "ரிக்வயர்மென்ட் மற்றும் டெஸ்டிங்"னு போட்டிருக்கு. ஒரு இன்டர்வியூல அதைப் பத்திக் கேட்டா கால் மணி நேரம் பேச அதுகிட்ட விஷயம் இருக்கு.

இதை ஏன் விரிவா சொல்றேன்னா, லேப்டாப் இருக்கறவங்க, ஹாஸ்டல்ல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார முடியறவங்கதான் கோட் எழுதறாங்க. கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்ங்கிறவங்களுக்கு ரிப்போர்ட் வேலை போகுது. நாலு வருஷம் இப்படியே போனா யார் டெவலப்பர், யார் இல்லங்கிறதை நாம திறமையைப் பார்த்து முடிவு பண்ணல, பஸ் டைமைப் பார்த்து முடிவு பண்ணியிருக்கோம்.

ஆப் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. மூணாவது சுற்று முடிச்சுக் கொடுத்தோம். அவர் மூணு வாரம் பயன்படுத்தினார். அப்புறம் நோட்டுக்கே திரும்பிட்டார். களிமண் கையோட ஃபோனைத் தொட முடியல, கை கழுவிட்டு வந்து என்ட்ரி போட நேரம் இல்ல. நாங்க டெஸ்ட் பண்ணினது எல்லாமே சுத்தமான கையோடதான். கடைசியா போனப்ப அவரோட நோட்டைப் பார்த்தேன். பழைய "உடைஞ்சது" காலம் இப்ப ரெண்டா இருக்கு. பச்சையில உடைஞ்சது, சுட்டு உடைஞ்சது. சாஃப்ட்வேர் நிக்கல, அந்தக் கோடு நின்னுச்சு.

ஹேக்கத்தான் போதாதா?

நிறைய பேர் கேக்கறது இது. ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் 2017-லேர்ந்து நடக்குது. குழுவுக்கு ஆறு பேர், அதுல கட்டாயம் ஒரு பெண் இருக்கணும், சாஃப்ட்வேர் பிரிவோட இறுதிச் சுற்று 36 மணி நேரம். தமிழ்நாடு அரசோட நான் முதல்வன் திட்டமும் 2022-லேர்ந்து திறன் பயிற்சி கொடுக்குது. இதெல்லாம் நல்லதுதான். ஹேக்கத்தான் வேகத்தையும் தைரியத்தையும் கொடுக்கும். ஆனா 36 மணி நேரத்துல உங்க பழைய கோடே உங்களுக்கு எதிரியா மாறாது. மூணு வாரம் கழிச்சு யூனிட்காரர் ஃபோன் பண்ணி "ஓடலப்பா"ன்னு சொல்லமாட்டார். ப்ராசஸ்ங்கிறது அந்த ஃபோன் கால்லேர்ந்துதான் தொடங்குது.

அடுத்தவங்க கோடைப் படிச்சுப் பழகணும்னா திறந்த மூல ப்ராஜெக்ட்கள் இருக்கு. நம்ம பக்கத்துல விழுப்புரம் க்னூ/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமா பயிற்சி கொடுக்கறாங்க. தமிழ்லயே படிக்கணும்னா கணியம் தளம் இருக்கு. உலக அளவுல கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005-லேர்ந்து நடக்குது. அங்க போனா முதல் நாளே உங்க மாற்றத்தை ஒருத்தர் ரிவ்யூ பண்ணி "இதை ஏன் இப்படிப் பண்ணினீங்க?"ன்னு கேப்பார். எனக்கு அந்தக் கேள்வி முதல் தடவையா வந்தது சம்பளம் வாங்க ஆரம்பிச்ச பிறகுதான்.

நாளைக்கே செய்யக்கூடியது

ஆசிரியர்கள் நிறைய பேர் இதைக் கேக்கறீங்க. சிலபஸை மாத்தறது உங்க கையில இல்லன்னு தெரியும். ஒரு வகுப்புல அறுபது பேர், பதினஞ்சு பேட்ச். அதுக்குள்ளயே செய்யக்கூடியதா அஞ்சு சொல்றேன்.

ஒண்ணு. தலைப்பு கல்லூரிக்கு வெளிய இருக்குற ஒரு மனுஷர்கிட்டேர்ந்து வரணும். மருந்துக்கடை, ரேஷன் கடை, மாவு மில், யாரா இருந்தாலும் சரி. எஸ்.ஆர்.எஸ். எழுதறதுக்கு முன்னாடி அவர் இடத்துல அரை நாள் நிக்கணும்.

ரெண்டு. ரிவ்யூன்னா ஓட்டிக் காட்டறது. ஸ்லைடு வேண்டாம். ஜீரோத் ரிவ்யூவுக்கே ஒரு பக்கமாவது ஓடணும்.

மூணு. ரிவ்யூவுல மாட்யூலை எழுதினவர் வாய் திறக்கக் கூடாது. பக்கத்துல இருக்குறவர்தான் விளக்கணும். இதை ஒரு தடவை அறிவிச்சுட்டீங்கன்னா அடுத்த ரிவ்யூவுக்கு முன்னாடி நாலு பேரும் ஒருத்தர் கோடை ஒருத்தர் படிச்சிருப்பாங்க. வாங்கின ப்ராஜெக்ட்டும் இதுல சீக்கிரமே தெரிஞ்சிடும்.

நாலு. பொறுப்பு ஒவ்வொரு சுற்றுலயும் மாறணும். ரிப்போர்ட் எழுதினவர் அடுத்த சுற்றுல கோட் எழுதணும், கோட் எழுதினவர் டெஸ்ட் பண்ணணும். லேப்டாப் இல்லாதவங்களுக்கு லேப் நேரத்துல முதல் இடம்.

அஞ்சு. பாதியில ஒரு மாற்றத்தைக் கொடுங்க. கொஞ்சம் கொடுமையா தெரியும். ஆனா "டேட்டாபேஸையே மாத்தணுமா?"ங்கிற அந்த அதிர்ச்சியை இருபது வயசுல சந்திச்சவங்களுக்கு அடுத்த டிசைன் போடும்போது கை தானா கொஞ்சம் நிதானிக்கும்.

கடைசியா, வாய்ஸ் நோட் அனுப்பின தம்பிக்கு. மூணு பேரும் வேலை செய்யலங்கிறது உண்மையா இருக்கலாம். ஆனா ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. உங்க ப்ராஜெக்ட்டை இன்னொருத்தர் மெஷின்ல, நீங்க பக்கத்துல இல்லாம, நீங்க எழுதி வச்ச குறிப்பை மட்டும் படிச்சு ஓட்டச் சொல்லுங்க. ஓடலைன்னா, அவங்க உள்ள வர்றதுக்கு நீங்களே வாசல் வைக்கலன்னு அர்த்தம். நானும் மினி ப்ராஜெக்ட்டுல அப்படித்தான் இருந்தேன். "நானே பண்ணிடறேன், சீக்கிரம் முடியும்." சீக்கிரம் முடிஞ்சுது, உண்மைதான். ஆனா கூட இருந்த மூணு பேருக்கும் நான் ஒரு செமஸ்டர் கடன்பட்டிருக்கேன்.

முதல்ல பைண்டிங் போட்டுக்கிட்டு வர்ற அந்தப் பையன்கிட்ட கொடுத்துப் பாருங்க. என்ன ஆச்சுன்னு மறுபடி ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. உங்க கல்லூரியில ப்ராஜெக்ட் ரிவ்யூ எப்படி நடக்குதுன்னு மத்தவங்களும் எழுதுங்க, கல்லூரிப் பேர் வேண்டாம். ஆசிரியர்கள் எழுதினா இன்னும் சந்தோஷம், உங்க பக்கக் கஷ்டத்தையும் ஒரு எபிசோடா பேசலாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.